மருந்தடிக்கிற அப்பா

"அப்பா என்ன செய்யிறார்?"

எங்கட வட்டத்தில இருக்கிற தோழி ஒருத்தியின்ர வீட்டில, போன வருசம் கலியாணத் தரகர் கேட்ட முதல் கேள்வி இது. "கறையான், பூச்சிக்கு மருந்தடிக்கிறார். ஒரு பிரான்சைஸ் எடுத்துச் சொந்தமா நடத்துறார்" என்று தோழியின் அம்மா சொன்னதும் தரகர் எழுதுறதை நிப்பாட்டிப் போட்டார். "அதை விடுங்கோ அக்கா. முந்தி லீசிங் கொம்பனியில இருந்தவர்தானே? ஓய்வு பெற்ற முகாமையாளர் எண்டு போடுவம்."

அந்த மனுசன் ஓய்வு பெறவில்லை. 48 வயதில் வேலையைத் தானாக விட்டவர். ஏன் விட்டவர் என்று ஊரில ஒருத்தரும் கேட்டதில்லை. ஏன் இந்த வேலைக்குப் போனவர் என்று மட்டும் எல்லாரும் கேட்கினம். கேட்காத கேள்விக்குத்தான் நாங்கள் முதலில் பதில் சொல்ல வேணும்.

2009இல் போர் முடிந்து பாதை திறந்த பிறகு வடக்குக்கு வந்து இறங்கியவற்றில் லீசிங் கொம்பனிகளும் நுண்கடன் கொம்பனிகளும் முன்வரிசை. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் எல்லாம் கடனுக்கு. தவணை தவறினால் வீட்டு வாசலில ஆள் நிற்கும். இன்னும் தவறினால் வாகனம் போய்விடும். அங்கிள் (நாங்கள் அவரை அப்பிடித்தான் கூப்பிடுறது) அந்தப் பக்கத்தில் நின்றவர். பதின்மூன்று வருசம் அறவீட்டுப் பகுதி. வெள்ளைச் சேட்டு, கழுத்தில ரை, கையில கோப்பு. புருசனைப் போரில் இழந்த பெண்களின்ர படலையைத் தட்டித் தவணை கேட்டவர். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த ஓட்டோக்காரருக்குத் தவணையைத் தள்ளி வைத்தாலும் வட்டி தள்ளி நிற்கவில்லை. அடுத்த வருசம் ஒரு ஓட்டோவைத் தூக்கப் போன இடத்தில, அந்த வீட்டுப் பிள்ளை தன்னுடைய புத்தகப் பையை உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டு இறங்கினதாம். அதோட போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பதின்மூன்று வருசமும் இந்த ஊர் அவருக்குக் கதிரை போட்டது. கோயில் நிர்வாக சபையில் பொருளாளராக வைத்தது. இப்ப முதுகில மருந்துத் தாங்கியோட வாறார் என்றவுடன் பின்பக்கத்தால வரச் சொல்லுது. தண்ணிக்குத் தனிக் கிளாஸ் எடுத்த வீடும் இருக்கு. இதை வெறும் 'கௌரவப் பிரச்சினை' என்று பூசி மெழுக எங்களுக்கு விருப்பமில்லை. இதுக்குப் பேர் சாதி. அழுக்கோட, செத்த எலியோட, மலக்குழியோட சேர்ந்த வேலையெல்லாம் 'ஆக்கள்' செய்யிற வேலை என்று பிரிச்சு வைத்த மூளைதான், அங்கிளைப் பார்த்தும் குழம்புது. அவருடைய சாதி வேற என்று தெரிஞ்சவைக்கு இன்னும் கூடக் குழப்பம்.

அரசாங்கமும் பேசாமல் இல்லை. இந்த நாட்டில் ஊழியர் சேமலாப நிதி என்பது நாங்கள் உழைத்த காசு. சம்பளத்தில் எங்கட 8 வீதம், முதலாளியின் 12 வீதம். ஆனால் ஆண் ஒருவர் 55 வயது வரை பொறுக்க வேணும், பெண் 50 வரை. நாட்டை விட்டு நிரந்தரமாகப் போறன் என்றால் முன்னமே எடுக்கலாம். இங்கேயே இருந்து ஒரு தொழில் தொடங்கப் போறன் என்றால் எடுக்கேலாது. கனடாவுக்குப் போறவனுக்குக் காசு, கைதடியில் இருக்கிறவனுக்கு 'பொறு'. அங்கிள் முதல் போட்டது அன்ரியின்ர காப்பையும் தாலிக்கொடியையும் அடகு வைத்துத்தான்.

பிரான்சைஸ் விக்கிறவையை நாங்கள் விடப்போறதில்லை. "உங்களுக்கு நீங்களே முதலாளி" என்று விளம்பரத்தில போடினம். ஒப்பந்தத்தைத் தோழி எங்களுக்குக் காட்டினாள். பெயருக்கு ஒரு தொகை முதலே கட்ட வேணும். வருமானத்தில் மாதாமாதம் பங்கு. மருந்தும் கருவியும் அவையளிட்டத்தான் வாங்க வேணும், விலையும் அவை சொல்லுறதுதான். ஒப்பந்தம் முடிந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு அதே தொழிலை அதே இடத்தில் செய்யக்கூடாது. நட்டம் வந்தால் மட்டும் முழுக்க அங்கிளின்ர. இதில எங்க இருக்கு முதலாளி? முன்னம் கடன்காரரின் வாசலில் நின்றவர், இப்ப மாதக் கடைசியில் தானே அந்த நிலையில். 48 வயதில் வேலை மாறுறது துணிச்சல் என்று கைதட்டுற வீடியோக்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறதே இல்லை.

ஆனால் வேலை? வேலையைக் குறை சொல்ல எங்களிட்ட ஒன்றும் இல்லை. யாழ்ப்பாணத்தில எத்தனை வீடு பூட்டிக் கிடக்குது. சொந்தக்காரர் லண்டனில, ரொறன்ரோவில. பனை வைரத்தில போட்ட பழைய சிலாகை தாக்குப் பிடிக்கும், பிறகு வந்த மலிவுப் பலகை நிலையையும் அலுமாரியையும் கறையான் உள்ளுக்குள்ளால தின்று வெறும் பெயின்ற் தோலை மட்டும் விட்டுவைக்கும். சுவரோரம் அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, மண்ணுக்குள் மருந்து இறக்க வேணும். அங்கிள் ஒரு வளவுக்குள் போனால் முதலில் கேட்கிறது "கிணறு எங்க?" என்றுதான். எங்கட குடிதண்ணி சுண்ணக்கல்லுக்குள் இருக்கு, மேலே ஊத்துறது கீழே போகும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் ஒயில் கலந்ததை நாங்கள் இன்னும் மறக்கேல்லை. பீடைகொல்லிகளுக்கு 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கு, பதிவாளர் இருக்கிறார். என்றாலும் கடையில போத்தல் வாங்கி, லேபிளை வாசிக்காமல் கட்டிலுக்குக் கீழே அடிக்கிற ஊர் இது. 2024 டிசெம்பரில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோன குடாநாட்டில், எலியைப் பற்றித் தெரிஞ்ச ஒருத்தரைப் பார்த்து மூக்கைப் பொத்துறவைக்கு என்ன சொல்லுறது?

அங்கிளோடயும் எங்களுக்கு ஒரு சண்டை இருக்கு. அவரோட வேலை செய்யிற இரண்டு பெடியளும் நாட்சம்பளத்துக்கு. முகமூடி இருந்தது, வடிகட்டி மாத்தி மாதக்கணக்கு. சேமலாப நிதியும் கட்டேல்லை. "கொஞ்சம் நிமிர்ந்த பிறகு பாப்பம்" என்றார். இது அவருடைய பழைய கொம்பனியின்ர வசனம் என்று அவருடைய மகளே முகத்துக்கு நேர சொன்னாள். இரண்டு நாள் கதைக்கேல்லை. பிறகு வடிகட்டி வந்தது. சேமலாப நிதி இன்னும் வரேல்லை, நாங்களும் கேட்கிறதை விடேல்லை.

தோழி தரகரிட்ட கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், 'மருந்தடிக்கிறார்' என்று எழுதினால் மட்டும் குறிப்பைக் கொண்டு போகலாம் என்று. மூன்று வீடு அதோட திரும்பிப் போயிட்டுது. தரகர் போன கிழமை திரும்பவும் போன் எடுத்தவர். வரன் ஒன்றும் இல்லை. அவரின்ர வீட்டுச் சாமியறைக் கதவு நிலையில கறையானாம், தெரிஞ்ச ஆக்களுக்கு ஏதும் கழிவு இருக்கோ என்று கேட்டவராம்.