ரப்பருக்கு மருந்து தெளித்தல்: செலவும் பயனும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடி மலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது வித்துரா. இவ்வூரைச் சுற்றியுள்ள சரிவுகளில் ரப்பரே முதன்மையான பயிராகும். தென்மேற்குப் பருவமழை வலுத்த சில நாட்களில் இத்தோட்டங்களின் தரையில் பச்சை இலைகள் மெத்தை போல் உதிர்ந்து கிடப்பதைப் பல ஆண்டுகளில் காணலாம். பழுத்து உதிரும் இலையன்று அது. உதிர்ந்த இலையின் காம்பை எடுத்து நோக்கினால் கருத்த புள்ளியொன்றும், அதன் நடுவே உறைந்த வெண்ணிறப் பால்துளியும் தென்படும். அசாதாரண இலையுதிர்வு நோயின் அடையாளம் இதுவே. இந்நோயைத் தடுக்க மருந்து தெளிக்க வேண்டுமா என்று விவசாயி ஊழியரைக் கேட்கும்போது, அவர் உண்மையில் கேட்பது வேறு: போட்ட பணம் திரும்புமா என்பதே அவருடைய வினா.

இவ்வினாவுக்குப் பரிந்துரைக் குறிப்பேட்டின் வாசகத்தை அப்படியே ஒப்பித்தல் விடையாகாது. தெளிப்பு சில தோட்டங்களில் போட்டதைப் போல் பன்மடங்கு தருவது; சிலவற்றில் வீண் செலவு. எது எங்கே என்று கணக்கிட்டுச் சொல்லுதலே ஊழியரின் கடமையாகும்.

நோய்க்குக் காரணமாகிய பைட்டாப்தொரா, தற்கால வகைப்பாட்டின்படி உண்மைப் பூசணமன்று. நீர்ப்பூசண இனத்தைச் சேர்ந்தது. ஆசிரியர்கள் இதனை மாணவருக்கு எடுத்துரைப்பது நலம். ஆயினும், அதனை அடக்கும் மருந்து பழைய பூசணக் கொல்லியாகிய செம்பே. பிரான்சு நாட்டின் போர்டோ பகுதியில், வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்கும் பொருட்டு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசப்பட்ட கொடிகள் நோயின்றி இருந்ததைக் கவனித்த மில்லார்டே என்னும் அறிஞர், 1885-இல் அக்கலவையைப் பயிர் மருந்தாக வெளியிட்டார். இன்றும் ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ நீற்றாத சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் என்ற அளவே போர்டோக் கலவையின் அளவாகும். வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 4,000 லிட்டர் வேண்டியிருப்பதால், நீரைச் சரிவில் ஏற்றுவதும், மரமேறித் தெளிக்கும் ஆளுக்குக் கூலி தருவதும் மருந்தின் விலையை மிஞ்சிவிடுகின்றன. எண்ணெயில் விரவும் காப்பர் ஆக்சிகுளோரைடாயின், 8 கிலோ மருந்தையும் 40 லிட்டர் தெளிப்பு எண்ணெயையும் கொண்டு விசைத்தெளிப்பானால் ஒரு ஹெக்டேரை முடிக்கலாம். பெருந்தோட்டங்கள் இதனையே ஹெலிகாப்டரிலிருந்து தெளித்து வந்தன. நீர் சுமக்கும் வேலை குறைகிறது. எண்ணெய்ச் செலவு கூடுகிறது.

பயனைக் கணக்கிடுவதில்தான் ரப்பர் பிற பயிர்களினின்று வேறுபடுகிறது. பொன்முடிச் சரிவின் தேயிலையில் இலையே விளைபொருள். கொப்புள நோய் தாக்கிய கொழுந்தை எண்ணினால் இழப்பு அன்றே தெரியும். மிளகில் விரைவு வாடல் வந்தால் கொடியே மடிகிறது. அங்கே காக்கப்படுவது ஓராண்டு மகசூலன்று, முதலே. ரப்பரிலோ மரம் சாவதில்லை. இலை உணவைச் சமைக்கும் கூடம் மட்டுமே. ஆடியில் அது உதிர்ந்தால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பால் குறைகிறது. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே சில மாதங்கள் கழிந்துவிடுவதால், இழப்பை விவசாயி மழையின் மீதோ வெட்டுபவர் மீதோ சுமத்திவிடுகிறார். எளிதில் தாக்கமுறும் ரகங்களில் தெளிக்காத மரங்களின் விளைச்சல் மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறையக்கூடும் என ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

ஒரு கணக்கைக் காண்போம். எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. ஊழியர் தம் பகுதியின் எண்களை அவ்விடங்களில் இட்டுக்கொள்க. ஹெக்டேருக்குத் தெளிப்புச் செலவு 12,000 ரூபாய் என்க. கிலோ 240 ரூபாய்க்கு விற்றால் 50 கிலோ ரப்பர் அச்செலவை ஈடுசெய்யும். 120 ரூபாய்க்கு விற்றால் 100 கிலோ வேண்டும். விலை இவ்வாறு பாதியாவது கற்பனையன்று. 2011 ஏப்ரலில் 240 ரூபாயை எட்டிய ரப்பர், 2016-இன் தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வீழ்ந்தது. 2024 ஆகஸ்டில் பழைய உச்சத்தையும் கடந்தது. ஹெக்டேருக்கு 1,500 கிலோ தரும் தோட்டத்தில், தாக்கமுறும் ரகம் மூன்றிலொரு பங்கை இழக்குமாயின் 500 கிலோ போகிறது. அங்கே எந்த விலையிலும் தெளிப்பு இலாபமே. நோயை ஓரளவு தாங்கும் ரகத்தில் இழப்பு 5 சதவீதமாயின் போவது 75 கிலோ. உயர்ந்த விலையில் தெளிக்கலாம், தாழ்ந்த விலையில் கைவிடலாம். ரூபாயில் பேசுவதினும் கிலோவில் பேசினால் இது எவருக்கும் விளங்கும்.

இக்கணக்கில் பலர் காணாத ஒன்று உண்டு. விலை வீழ்ந்த ஆண்டுகளில் கூலி கொடுக்க இயலாத உடைமையாளர் பலர், பாலில் சரிபாதியை வெட்டுபவருக்கு விட்டுத் தோட்டத்தை ஒப்படைத்தனர். தெளிப்புச் செலவோ முழுவதும் உடைமையாளருடையதாகவே நின்றது. மேற்கூறிய 75 கிலோவை மீண்டும் எடுத்துக்கொள்வோம். கிலோ 240 ரூபாயானால் அதன் மதிப்பு 18,000 ரூபாய். சரிபாதி உடைமையாளருக்கு 9,000 ரூபாயே. அவர் செலவிடுவதோ 12,000. உச்ச விலையிலும் அவர் தெளிக்கமாட்டார்; அதில் தவறும் காண முடியாது. ஆயினும் தோட்டத்தை முழுமையாக நோக்கின் 6,000 ரூபாய் மிச்சமாக வேண்டிய இடத்தில் இலை மண்ணில் உதிர்கிறது. மிகுந்த இழப்பு வெட்டுபவருக்கே: செலவின்றி வரவேண்டிய 9,000 ரூபாய் அவருக்கு வராமற்போகிறது. செலவையும் பாதியாகப் பகிர்ந்தால் இருவருக்கும் 3,000 ரூபாய் வீதம் மிஞ்சும். ‘விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை’ என்று அறிக்கையில் எழுதுவது எளிது. பங்கு ஒப்பந்தத்தில் மருந்துச் செலவுக்கும் ஒரு வரி சேர்க்கச் செய்வது கடினம். பயன் தருவது இரண்டாவதே. இதனை உடைமையாளரிடம் மட்டும் பேசிப் பயனில்லை. வெட்டுபவரையும் உடன் அமர்த்திப் பேச வேண்டும். ரப்பர் உற்பத்தியாளர் சங்கக் கூட்டம் இதற்கு ஏற்ற இடமாகும்.

காலந்தவறிய தெளிப்புக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. செம்பு நோயைத் தடுக்குமேயன்றித் தீர்க்காது. தை, மாசியில் துளிர்த்த இலை முற்றிய பின், மே இறுதிக்குள் வேலை முடிந்தாக வேண்டும். இலை உதிரக் கண்ட பின் ஓடிச்சென்று தெளிப்பது, நெல் வீட்டை விட்டுப் போன பின் பத்தாயத்தைப் பூட்டுவதாகும். தெளிக்கும் ஆளும் கருவியும் எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படுவதால் சிறு விவசாயியே வரிசையில் கடைசியில் நிற்கிறார். பெரும்பாலும் அவருடைய முறை வருமுன் மழை வந்துவிடுகிறது. உதவித்தொகை அளிப்பதினும் சங்கத்தின் கருவி மே மாதத்தில் அவர் நிலத்தை அடையச் செய்வது முந்தியதாக இருத்தல் வேண்டும்.

தெளிக்கவே வேண்டாத இடங்களையும் மறைக்காது கூறுதல் நேர்மை. மலைத்தொடரின் தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தின் ரப்பர் பகுதியில் தென்மேற்கு மழை வித்துராவைப் போல் இடைவிடாது பெய்வதில்லை. அங்கு இந்நோய் பொதுவாகக் கடுமையாவதில்லை. குலசேகரத்தில் பணியாற்றி வந்த ஊழியர் தம் அனுபவத்தை வித்துராவுக்கும், வித்துராவிலிருந்து சென்றவர் தம் அச்சத்தைக் குலசேகரத்துக்கும் கொண்டு செல்லலாகாது. ஓரிரு ஆண்டுகளில் வெட்டி வீழ்த்தப்படவுள்ள முதிய மரங்களுக்கும் இச்செலவு பெரும்பாலும் வேண்டியதில்லை. தாங்கும் ரகமேயாயினும், ஆண்டுதோறும் தலைப்பகுதி மெலிந்து நுனிக்கொம்பு காய்ந்துவரும் தோட்டத்தில் ஓராண்டுக் கணக்கு போதாது. அங்கே இழப்பு அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் தொடரும்.

செம்புக்கு மற்றொரு விலையும் உண்டு. பாலில் செம்பு கலந்தால் ரப்பர் விரைவில் சிதைந்து பிசுபிசுக்கும். ஆகவே தெளிப்பு நாளில் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். மண்ணில் சேரும் செம்பு எளிதில் நீங்குவதன்று; ஆதலால் வேண்டாத இடத்தில் தெளிப்பது பணநட்டத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஒரு தோட்டத்தின் உண்மை இழப்பை அறியச் சிறந்த வழி, அத்தோட்டத்திலேயே அளந்து பார்ப்பதாகும். ஒரே வயதும் ஒரே ரகமுமான மரங்களில் ஒரு வெட்டுப் பகுதிக்குத் தெளித்து, மற்றொரு பகுதியை விட்டுவைத்து, சித்திரை முதல் மாசி வரை இரண்டின் பாலையும் தனித்தனியே நிறுத்து எழுதி வர வேண்டும். இரு பகுதிகளும் முந்திய ஆண்டில் தந்த பாலையும் குறித்துக்கொள்க. இல்லையேல், இயல்பாகவே மிகுதியாகச் சுரக்கும் மரங்களின் பெருமையை மருந்துக்கு அளித்துவிட நேரும். இரு பகுதிகளும் ஒட்டியிருந்தால் மழைத்துளியும் காற்றும் நோயை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும். ஆதலால் இடையே சில வரிசைகளைக் கணக்கில் சேர்க்காது விட வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவர் எவரும் இக்கணக்கைப் போட வல்லவர். வித்துராப் பள்ளிகளில் படிப்போருள் ரப்பர் தோட்டமுள்ள வீட்டுப் பிள்ளைகளும் உண்டு, பாதிப் பங்குக்குப் பால் வெட்டுவோர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. இரு தரத்தாரும் ஒரே பலகையில் அதனைப் போட்டுப் பார்க்கலாம்.