பனித்தரைக்குக் கீழே

மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை காலை ஆனால் போதும், கையுறையும் தடித்த காலுறையுமாக வாசலில் நிற்பாள். வெளியே கொளுத்தும் வெயிலில் காரை ஓட்டி, பேரங்காடியில் இருக்கும் பனிச்சறுக்கு அரங்குக்குப் போவோம். அவள் வழுக்கி விழுந்து எழும்போது மற்ற பெற்றோர்கள் கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். நான் இயந்திர அறை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருப்பேன்.

அப்பாவிடமிருந்து தொற்றிய பழக்கம் இது. மீன்பிடித் துறையில் இருந்த ஐஸ் ஆலையில் அவர் இருபது ஆண்டுகள் வேலை செய்தார். சட்டையில் லேசான அமோனியா வாடையோடுதான் வீடு திரும்புவார். "அந்த வாடை மூக்கில் ஏறினால் நின்று யோசிக்காதே, ஓடு" என்பார்.

பல பனிச்சறுக்கு அரங்குகளிலும் வேலை செய்வது அதே அமோனியாதான். அது உப்புக் கரைசலைக் குளிர வைக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாத அந்தக் கரைசல், கான்கிரீட் தரைக்குள் பதித்த குழாய்களில் ஓடும். மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்தில் பனி. பிள்ளைகள் ஓடுவது அதன்மேல். அமோனியாவும் உப்புக் கரைசலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் சில்லரில், நடுவே இருப்பது ஓர் இரும்புக் குழாயின் சுவர் மட்டும். அது அரித்துப் போனால்?

கனடாவின் ஃபெர்னி என்ற மலைநகரத்தில் அது நடந்தது, 2017 அக்டோபர் 17. நகராட்சி அரங்கின் சில்லரில் ஒரு குழாய் கசிந்து, அமோனியா உப்புக் கரைசலுக்குள் கலந்தது. கசிவு இருப்பது அந்த வசந்த காலத்திலேயே தெரிந்துவிட்டது. சில்லருக்கு வயதாகிவிட்டது, மாற்றுங்கள் என்ற ஆலோசனை அதற்கும் பல ஆண்டுகள் முந்தியது. ஆனாலும் புதிய பருவத்துக்கு அதையே மறுபடி ஓட்டினார்கள். அழுத்தம் கூடி, குழாய் இணைப்பு ஒன்று பிரிந்துகொள்ள, அறை முழுக்க அமோனியா. நகராட்சி ஊழியர் இருவரும் பழுதுபார்க்க வந்த தொழில்நுட்பர் ஒருவரும் இறந்தார்கள். சுற்றியிருந்த குடும்பங்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள்.

இதைப் படித்த அன்று அப்பாவுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பனி உறைகிற வரைக்கும் மிஷினை யாரும் மாற்ற மாட்டார்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆலையில் எத்தனையோ பார்த்தவர்.

உண்மைதான். கூரை ஒழுகினால் எல்லாருக்கும் தெரிகிறது. சில்லர் தேய்வது தெரிவதில்லை. புதியதுக்கு ஆகும் செலவும் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தள்ளிப்போடவும் எப்போதும் முடியாது. ஆர்-22 வாயுவில் ஓடும் பழைய அரங்குகளைப் பாருங்கள்: ஓசோன் படலத்துக்குக் கேடு என்பதால், அமெரிக்காவில் 2020 முதல் அதைப் புதிதாகத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் நின்றுவிட்டன. கசிந்தால் நிரப்பப் பழைய கையிருப்பையோ, மீட்டெடுத்த வாயுவையோதான் தேட வேண்டும். இன்னொரு வழி கரியமில வாயு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் வேகச்சறுக்கு அரங்கு அதில்தான் ஓடியது. வெளியேறும் வெப்பத்தையும் வீணாக்காமல் பயன்படுத்தலாம். அழுத்தம் மிக அதிகம், குழாய்கள் அதற்கேற்ப இருக்க வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் மின்சாரச் செலவையும் கணக்குப் பார்க்க வேண்டும். அமோனியாவும் கெட்ட பொருளல்ல. ஓசோனுக்கும் பருவநிலைக்கும் அதனால் கேடில்லை. நல்ல சில்லரும், ஒழுங்காகச் சோதித்த கசிவு அலாரமும், காற்றோட்டமும் இருந்தால் போதும்.

போன வாரம் கூச்சத்தை விட்டு, அரங்கின் தொழில்நுட்பரிடமே கேட்டேன். இளைஞர், நம் பையன். "அண்ணே, இதையெல்லாம் யாரும் கேட்டதே இல்லை" என்று சிரித்தார். பிறகு அக்கறையாகவே சொன்னார்: அமோனியா இல்லை, வேறு வாயு, சில்லர் மூன்றாண்டுக்கு முன் மாற்றியது, அலாரத்தை மாதாமாதம் சோதிக்கிறார்கள்.

இரவு அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அந்த அறைக் கதவு உள்பக்கம் திறக்குமா, வெளிப்பக்கமா?"

வரும் சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.