ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டு நின்றபோது பேச்சு எப்படியோ பாங்க் கணக்கில் வந்து நின்றது. "அந்த பாங்கில் வட்டி ஒண்ணரை கூடுதல்" என்றார் ஒருவர். "புதுக் கணக்கு ஆரம்பித்தால் ஐந்நூறு ரூபாய்க்குக் கூப்பன் தருகிறார்கள்" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் தன்னிடம் ஒன்பது கணக்குகள் இருப்பதாகச் சொன்னபோது எல்லோரும் அவரைப் பெரிய கெட்டிக்காரர் போலப் பார்த்தோம். நான் வாய் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நானும் அந்தக் கெட்டிக்காரர்களில் ஒருவனாக இருந்தவன்தான். பொன்முடித் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்று, மலையடிவாரத்தில் கல்லாற்றில் குடியிருக்கிறேன். ஊருக்கு வருகிறவர்கள் ஆற்றில் கால் நனைத்து, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு ஏறிப் பொன்முடி பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே இருப்பவர்களுக்குப் பாங்க் காரியம் என்றால் விதுரைக்கோ நெடுமங்காட்டுக்கோ பஸ் ஏற வேண்டும். ஓய்வுபெற்ற புதிதில் அந்தப் பஸ் பயணமே எனக்குப் பொழுதுபோக்காக இருந்தது. அப்படித்தான் ஒரு கணக்கு ஆறு கணக்காயிற்று.

ஒரு நாள் பழைய தொழில் ஞாபகத்தில் பேரேடு போட்டுப் பார்த்தேன். வரவுப் பக்கம்: வட்டி கூடுதலாகத் தந்த பாங்கில் 80,000 ரூபாய் போட்டிருந்தேன். ஒன்றரை சதவீத வித்தியாசத்தில் வருடத்துக்கு 1,200 ரூபாய். கார்டில் சாமான் வாங்கியதில் திரும்பி வந்தது 1,500. கூப்பன் 500. ஆக 3,200 ரூபாய்.

இனி பற்றுப் பக்கம். நான்கு கார்டுகளுக்கு ஆண்டுக் கட்டணம், வரியோடு சேர்த்துத் தலா 236, மொத்தம் 944. ஒரு கணக்கில் குறைந்தபட்ச இருப்பு ஒரு மாதம் குறைந்துபோனதற்கு அபராதம் 354. நான்கு கணக்குகளில் தலா பத்தாயிரம் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்பதாயிரத்தை நிரந்தர வைப்பில் போட்டிருந்தால் மூன்றரை சதவீதம் கூடக் கிடைத்திருக்கும். அந்த வகையில் 1,400. கையெழுத்து, ஆதார், முகவரி என்று ஏதாவது ஒன்றுக்காக ஆறு முறை பஸ்ஸும் காபியுமாக 600. ஆக 3,298 ரூபாய்.

வருடம் முழுக்க ஓடியாடி நான் சம்பாதித்தது 98 ரூபாய் நஷ்டம். என் மனைவி சிரித்த சிரிப்பை இதில் சேர்க்கவில்லை.

ஆனால் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த 98 ரூபாய் அல்ல. 2022இல் என் அத்தான் காலமானார். அவரும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான். காரியங்கள் முடிந்த பிறகு அக்கா தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எட்டு பாஸ்புத்தகங்கள். அத்தான் ஒன்றையும் மறைத்தவர் அல்ல, சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். மூன்று புத்தகங்களின் அட்டையில் இருந்த பெயரில் இன்று பாங்கே இல்லை. திருவாங்கூர் ஸ்டேட் பாங்க் 2017 ஏப்ரலில் ஸ்டேட் பாங்க் ஆப் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. விஜயா பாங்க் 2019இல் பாங்க் ஆப் பரோடாவோடும், சிண்டிகேட் பாங்க் 2020இல் கனரா பாங்கோடும் இணைந்துவிட்டன.

அதையாவது விசாரித்துக் கண்டுபிடித்துவிடலாம். பெயரைத்தான் சமாளிக்க முடியவில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனார் பெயரின் முதல் எழுத்துத்தான். அந்த இனிஷியல் ஒரு புத்தகத்தில் முன்னால், ஒன்றில் பின்னால், இன்னொன்றில் தகப்பனார் பெயரே முழுதாக விரிந்து கிடந்தது. ஆதாரில் வேறு மாதிரி. எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பது நம் பொறுப்பாயிற்று. நாமினி எழுதியிருந்தது இரண்டே கணக்குகளில். அந்த இரண்டும் சீக்கிரம் முடிந்தன. மற்ற ஆறுக்கும் வாரிசுச் சான்றிதழ், பிரமாணப் பத்திரம், சாட்சி என்று பதினான்கு மாதம் ஆயிற்று. முழங்கால் வலியோடு அக்கா என்னுடன் எத்தனை முறை பஸ் ஏறினாள் என்பதற்குக் கணக்கில்லை. எட்டுப் புத்தகத்திலும் சேர்த்துக் கிடைத்தது 41,000 ரூபாய். ஒன்றில் இருந்தது 212. "தம்பி, அந்த இருநூத்திப் பன்னெண்டை விட்டுடேன்" என்றாள் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதனால் எல்லோரும் ஒரே கணக்கோடு இருங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் தவறு. இந்த மண்ணில் பாங்க் விழுந்த கதை புதிதல்ல. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் மூடியது. 1960இல் பாலை சென்ட்ரல் பாங்க் விழுந்தது. அதன் பிறகுதான் 1962இல் நாட்டில் வைப்புத்தொகைக் காப்பீடு வந்தது. அன்று அதன் வரம்பு வெறும் 1,500 ரூபாய். 1993இல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாயிற்று. ஒரு பாங்கில் ஒருவர் பெயரில் எத்தனை கிளைகளில் பணம் இருந்தாலும், முதலும் வட்டியும் எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஐந்து லட்சம். ஆகவே பணிக்கொடையாகப் பன்னிரண்டு லட்சம் வாங்கிய ஒருவர் அதை மூன்று பாங்குகளில் பிரித்து வைப்பது விவேகம். உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கங்கள் பெயரில் 'வங்கி' என்று வைத்திருந்தாலும் இந்தக் காப்பீட்டுக்குள் வராது. 2021இல் திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூரில் போட்ட பணத்தைத் திரும்பப் பெற முடியாமல் மக்கள் அலைந்ததை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு. 2020 நவம்பரில், கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் பாங்கில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று சில நாட்கள் தடை இருந்தது. பிறகு அது வேறு பாங்கோடு இணைக்கப்பட்டு, போட்ட பணம் பத்திரமாயிற்று. ஆனால் அந்த நாட்களில் வீட்டில் ஓர் ஆஸ்பத்திரிச் செலவு வந்திருந்தால்? அதற்காக இரண்டாவது கணக்கு ஒன்று வேண்டும்.

ஆக, பத்திரத்துக்காக இரண்டு, மிஞ்சினால் மூன்று. பரிசுக்காக ஒன்றும் வேண்டாம். இதுதான் என் கட்சி.

டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "பெரியப்பா, நீங்க பாங்குக்கு பஸ்ல போனீங்க. நான் போன்லயே முடிக்கிறேன். எனக்கு என்ன செலவு?" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை ஸ்டேட் பாங்க் 2020லேயே எடுத்துவிட்டது. 2025இல் கனரா பாங்க், இந்தியன் பாங்க் போன்றவையும் எடுத்துவிட்டன. அவன் கணக்கில் வருடத்துக்குச் சில ஆயிரம் மிஞ்சுகிறது என்பது உண்மை. நான் ஒன்றுதான் கேட்டேன்: "உன் அஞ்சு கணக்கும் உன் பெண்டாட்டிக்குத் தெரியுமா?" அவன் பதில் சொல்லவில்லை.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் சிலவே. வீட்டில் உள்ள பாஸ்புத்தகங்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுங்கள். இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாத கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து வருடம் ஆனால் பணம் ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் அது உங்கள் பணம்தான், கேட்டு வாங்கலாம். தேடுவதற்கென்றே 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்க் 'உத்கம்' என்ற வசதியைத் தொடங்கியிருக்கிறது. வேண்டாத கணக்கை மூடுமுன் பென்ஷன், எல்.ஐ.சி. பிரீமியம், அரசு உதவித்தொகை எதில் ஓடுகிறது என்று பாருங்கள். உதவித்தொகைக்கென்று கடைசியாக ஆதாரோடு இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும். வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளின் இங்குள்ள சாதாரணக் கணக்கை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்றியாக வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். இனிஷியலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்குங்கள். நாமினி எழுதுங்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை எழுதலாம்.

நான் நான்கு கணக்குகளை மூடிவிட்டேன். மிஞ்சிய இரண்டின் விவரமும் ஒரு தாளில் எழுதி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருக்கும் இடம் என் மனைவிக்குத் தெரியும். போன வாரம் தம்பி மகன் போனில் கூப்பிட்டான். கணக்கு இன்னும் ஐந்துதானாம், ஒன்றையும் மூடவில்லை. ஆனால் தாள் எழுதிக் கொடுத்துவிட்டானாம். எனக்கு அது போதும்.