12 பிள்ளைகள், 5 வகுப்பு: மலைப் பள்ளியை எப்படி எண்ணுவது?

கொல்லிமலையின் எடப்புளி நாடு ஓர் ஊராட்சி. அதை ஒரே ஊர்னு நினைச்சுடக் கூடாது. காடும் சரிவும் பிரித்துப்போட்ட சின்னச் சின்ன ஊர்கள் அவை. இப்படிப்பட்ட ஊரின் தொடக்கப் பள்ளியில் சேர்க்கை குறைவாகத்தான் இருக்கும். ஊரே அவ்வளவுதானே!

ஒரு பள்ளியில் 12 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன்படி, 60 பேர் வரை 2 ஆசிரியர்கள். பேப்பரில் பார்த்தா ஆளுக்கு 6 பிள்ளைகள்; சென்னையில் லட்சம் கட்டினாலும் கிடைக்காத சொகுசு. ஆனால் வகுப்புகள் 5. 'அ' எழுதப் பழகும் பிள்ளையும் வகுத்தல் போடும் பிள்ளையும் ஒரே அறையில். ஓர் ஆசிரியர் மீட்டிங்குக்கு நாமக்கல் போனால் (70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும்) மற்றவர் தலையில் ஐந்து வகுப்பும்.

2019-ல் மாணவரே சேராத 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நூலகமாக்கத் தமிழக அரசு முடிவெடுத்தது. சமவெளியில் அடுத்த பள்ளிக்கு ஆட்டோ கிடைக்கும். மலையில் பள்ளியை மூடினால் 6 வயசுப் பிள்ளை காட்டுப்பாதையில் நடக்கணும், இல்லைன்னா விடுதிக்குப் போகணும்.

தொடக்கப் பள்ளிக்கு 1 கி.மீ. நடைதூரம் என்கின்றன 2010-ன் மத்திய விதிகள். ரோடு இல்லாத, கரடுமுரடான இடமென்றால் அதையும் குறைக்கச் சொல்கின்றன. அதனால் எடப்புளி நாட்டில் சேர்க்கை 10-க்குக் கீழே போனாலும் பள்ளியை இணைப்புப் பட்டியலில் போடக் கூடாது. மூன்றாவது ஆசிரியரைப் போடுவதைத்தான் யோசிக்கணும்.