பல் எண்ணி வாங்குங்கள்



இன்ஜினை மாற்றியமைப்பது பற்றிய தங்கள் கட்டுரை டர்போ, பிஸ்டன் என்று விரிவாகப் பேசியது. டைமிங் பெல்ட்டைத் தொடவே இல்லை. இது பெரிய குறை. பெல்ட் தவறினால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஃபோக்ஸ்வேகனின் 2.0 லிட்டர் ஏபிஏ பிளாக் 236 மில்லிமீட்டர் உயரம்; பழைய 1.8 லிட்டர் பிளாக் 220. அந்த ஏபிஏ மேல் 16 வால்வு ஹெட்டை ஏற்றினால் 1.8 பிளாக்குக்கான பழைய பெல்ட் எட்டாது. ஏறும் பக்கம், இறங்கும் பக்கம் இரண்டுக்குமாக ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். கார் பெயரைச் சொன்னால் கடைக்காரர் கம்பெனி அளவைத்தான் தருவார், அவர்மேல் பிழையில்லை. பற்களின் எண்ணிக்கை, பல்லிடைத் தூரம், பல்லின் வடிவம், அகலம் ஆகியவற்றைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மாட்டிய பின் கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, டைமிங் குறிகள் பொருந்துவதைப் பார்க்காமல் யாரும் சாவியைத் திருப்ப வேண்டாம்.

– இன்ஜின் மெக்கானிக் ஒருவர்