வீட்டுக் கோப்புச் சேவையகம்: நேரடியமைப்பே நன்று

ஏட்டுப்பெட்டி இருந்த இடத்தில் இன்று கணினி இருக்கின்றது. காணி உறுதிகள், பிறப்புச் சான்றுகள், திருமணப் புகைப்படங்கள், நம் கல்லூரி மலர்களின் பழைய இதழ்கள் யாவும் மின்வடிவம் பெற்று, வீட்டின் ஒரு மூலையிலுள்ள சிறு கணினியிற் சேர்கின்றன. வீட்டிலுள்ளாரும், கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் மக்களும் வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்கின்றனர். இதுவே கோப்புச் சேவையகம். இதனை அமைக்கும் முறையாது என மாணவர் அடிக்கடி வினவுகின்றனர்.

பணிசெயல் முறைமையைக் கணினியில் நேரே நிறுவிக் கோப்புகளை வைப்பது ஒரு முறை. முதலிற் புரொக்ஸ்மொக்ஸ் போன்றதொரு மென்பொருளை நிறுவி, அதனுள்ளே மெய்நிகர் பொறிகள் பலவற்றைப் படைத்து, அவற்றுள் ஒன்றிற் கோப்புகளை வைப்பது மற்றொரு முறை. முன்னையது ஒரு குடும்பம் வாழும் வீடு; பின்னையது அறைகளாகத் தடுத்துப் பலருக்கு வாடகைக்கு விட்ட வீடு.

பின்னையதற்குஞ் சிறப்புண்டு. ஒரே கணினி பல பணிகளைச் செய்யும். மாற்றஞ் செய்யுமுன் பொறியின் நிலையைப் பதிந்துவைத்தால், பிழை நேர்ந்தவிடத்து முன்னிலைக்கு மீளலாம். கணினி பயிலும் மாணவர்க்கு அஃது ஏற்ற களமே.

ஆயினும், குடும்பத்தின் ஆவணங்களைக் காப்பதற்கு நேரடியமைப்பே தக்கதென்பது எம் கருத்து. காரணம் இரண்டு.

முதலாவது, இசட்எவ்எஸ் என்னுங் கோப்பு முறைமை தரவின் ஒவ்வொரு பகுதிக்குஞ் சரிபார்ப்பெண் இட்டுப் பழுதைக் கண்டறிகின்றது. இரு வன்தட்டுகளில் ஒரே தரவு இருப்பின் பழுதைத் திருத்தியும் விடுகின்றது. இதற்கு அது வன்தட்டுகளை இடையீடின்றி நேரே காணவேண்டும். மெய்நிகர் பொறிக்கு அந்நிலையை அளிக்க, வன்தட்டுகளை ஆளும் அட்டை முழுவதையும் அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். வீட்டுக் கணினிகள் பலவற்றில் இஃது எளிதன்று.

இரண்டாவது, அமைத்தவர் அருகில் இல்லாத நாளை எண்ணுக. எம் அயலில் ஒரு வீட்டில், மகன் மெய்நிகர் பொறியினுள் யாவற்றையும் அமைத்துவிட்டு வெளிநாடு சென்றான். கணினி பழுதுற்றது; வன்தட்டோ நலமாகவே இருந்தது. திருத்துபவர் அதனைக் கழற்றிப் பார்த்தபோது கண்டது ஒரு பெருங்கோப்பு மட்டுமே. அதனுள்ளே காணி உறுதிகளும் படங்களும் இருந்தும், தந்தையார் பல கிழமைகள் காத்திருக்க நேர்ந்தது. நேரே நிறுவிய வன்தட்டாயின், உரிய முறைமையுள்ள வேறொரு கணினியிற் பூட்டியவுடன் கோப்புகள் தோன்றியிருக்கும்.

எனினும், எம்முறையைக் கைக்கொள்ளினும் ஓர் இடத்திலுள்ள ஒரே படி காப்பாகாது. இதனை யாழ்ப்பாணத்தார்க்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டில் நம் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறிடங்களிற் படியிருந்த நூல்களை மீண்டுந் தேடிப் பெறலாயிற்று. ஒரே படியாயிருந்த ஏடுகள் போனவை போனவையே. அந்த இழப்பை உணர்ந்தவர்கள் 2005 ஆம் ஆண்டிலே தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் இன்று நம் நூல்களையும் இதழ்களையும் எவரும் எங்கிருந்தும் படிக்கச் செய்கின்றது.

ஆதலின், பழைய மாணவர்களே, கோப்புகளை நேரே நிறுவிய எளிய கணினியில் வையுங்கள். வேறோர் ஊரில் மற்றொரு படி வையுங்கள். திறக்கும் வழியையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி வீட்டாரிடங் கொடுங்கள். நமக்குப்பின் வருவோர் திறக்கக்கூடியதே சேமிப்பு.