கூண்டில் நிற்கவேண்டியவர் தாயல்லர்

பேச்சு வராத பிள்ளை, நடக்க இயலாத பிள்ளை, ஒத்த வயதினரைப் போலக் கற்க முடியாத பிள்ளை ஒரு வீட்டில் இருப்பது தெரிந்துவிட்டால், அன்றே அங்கு ஒரு வழக்குத் தொடங்கிவிடுகின்றது. வழக்காளிகள் பலர், மாமியார், அயலார், கோயில் வீதியிற் காணும் உறவினர். எதிரியோ ஒருத்தியே, பெற்ற தாய். கிரகணத்தன்று வெளியிற் போனாளோ, உண்ணத்தகாததை உண்டாளோ, எப்பிறப்பிற் செய்த பாவமோ என்று விசாரணை நீள்கின்றது. ஈற்றில், கேட்பார் எவருமற்ற நள்ளிரவில் அவள் தன்னைத்தானே விசாரித்துத் தானே தீர்ப்புங் கூறிக்கொள்கிறாள். தந்தை மட்டும் தப்பிவிட்டாரா? இல்லை. அவர் தோட்டத்திலும் கந்தோரிலும் பொழுதைப் போக்கித் தம் துயரை மறைக்கிறார், அவ்வளவே வேறுபாடு.

இவ்வழக்குக்குச் சான்று உண்டா என்பதே நாம் கேட்கும் கேள்வி.

டவுன் சிண்ட்றோம் உள்ள பிள்ளைகளின் கலங்களில் 46 நிறமூர்த்தங்களுக்குப் பதிலாக 47 உள்ளன என்பதை, 1959ஆம் ஆண்டிலே பாரிசில் லெஜூன், கோத்தியே, ரேர்ப்பன் ஆகியோர் வெளியிட்டனர். கலம் பிரியும்போது நேரும் நிகழ்ச்சி அது. தாய் வயது கூடக்கூட அதற்கான வாய்ப்பும் கூடுமேயன்றி, அவள் உண்டதாலோ நடந்ததாலோ அது வருவதில்லை.

ஓட்டிசத்தின் வரலாறு இன்னுங் கொடியது. 1943இல் அமெரிக்க வைத்தியர் லியோ கனர் 11 பிள்ளைகளின் நிலையை விவரித்தார். அதன்பின், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்னுங் கொள்கை கற்றோரிடையே பரவிற்று. 1967இற்கூடப் பெற்றல்ஹைம் என்பார் அதனையே வலியுறுத்தி நூல் எழுதினார். ஆனால், ஓட்டிசமுள்ள மகனைப் பெற்ற தந்தையும் உளவியலாளருமாகிய பேணாட் றிம்லண்ட், இது மூளையின் அமைப்பைச் சார்ந்தது என 1964இலேயே நூலொன்றில் வாதாடியிருந்தார். 1977இல் வெளியான இரட்டையர் பற்றிய ஆய்வு, பரம்பரைக் காரணிகளின் பங்கைக் காட்டிற்று. கற்றோர் கூறிய பழியே பொய்த்துப்போயிற்றென்றால், மற்றோர் கூறும் பழி எம்மட்டு?

கருவுற்றவள் வைத்திய ஆலோசனையை அலட்சியஞ் செய்யலாமென்று நாம் கூறவில்லை. வருமுன் காப்பது அறிவு. வந்தபின் பழி தேடுவது அறிவன்று. நாற்றுமேடையில் ஒரு கன்று தாழ்ந்து நின்றால், விதையை ஏசிக்கொண்டு வரம்பிற் குந்தியிருக்கும் கமக்காரன் உண்டோ? அக்கன்றுக்கு வேண்டிய நீரும் பசளையும் எவையென்றன்றோ அவன் பார்க்கிறான்!

குற்றவுணர்வு பெற்றோரை மட்டும் வருத்தி நின்றுவிடுவதில்லை, பிள்ளையையும் வருத்துகின்றது. விருந்தினர் வந்தால் பிள்ளை உள்ளறைக்குப் போகிறது. முற்றாக மாற்றித்தருவேன் என்று எவனோ சொல்லிவிட்டால் தாலிக்கொடி ஈடு போகிறது. தானே உண்ணப் பழகக்கூடிய பிள்ளைக்கு, இரக்க மிகுதியால் பத்து வயதிலும் ஊட்டிவிடுகிறார்கள். ஏனைய பிள்ளைகள் தாயின் முகத்தைக் காணாது வளர்கிறார்கள். அன்பு செய்யவேண்டிய இடத்தில் அச்சம் ஆட்சி செய்கின்றது.

அப்படியாயின் கூண்டில் ஏறவேண்டியவர் யாவர்? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணங்காட்டிக் கல்விக்கூடங்களிற் சேர்க்க மறுத்தலாகாது என விதிக்கின்றது. இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. எழுத்தில் உரிமை உண்டு. ஆனால் "இங்கு இடமில்லை" என்று ஒரு பாடசாலை திருப்பியனுப்பும்போது, அந்த மறுப்பையும் தன் குற்றமாகவே தாய் சுமந்து வீடு திரும்புகிறாள். ஆசிரியரைப் பயிற்றாத அரசு குற்றமற்றது. வாசலைச் சாத்திய பாடசாலை குற்றமற்றது. பரிகசித்த ஊர் குற்றமற்றது. பெற்றவள் மட்டும் குற்றவாளி! இது எந்நாட்டு நீதி?

பெற்றோரே! வருந்துவது இயல்பு, அதனை மறைக்கவேண்டுவதில்லை. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் மனந்திறந்து பேசுங்கள். இதே நிலையிலுள்ள ஏனைய பெற்றோரைத் தேடிச் சேருங்கள். ஐயம் எழுந்தவுடனேயே வைத்தியசாலையை நாடுங்கள். பயிற்சி எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவுக்குப் பயனும் மிகும். பிள்ளையைத் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். களைத்தால் ஓய்வெடுங்கள், அது பிள்ளைக்குச் செய்யும் துரோகமன்று.

படித்த பெருமக்களே! சட்டத்தரணிகள் அந்த 28ஆம் இலக்கச் சட்டத்தை ஏட்டிலிருந்து இறக்கி ஏழைக் கமக்காரனின் கைக்குக் கொடுங்கள். வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்லும்போதே, "இது உன் பிழையன்று அம்மா" என்ற வார்த்தையையுஞ் சேர்த்துச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் ஒரு வாங்கில் ஓரிடம் ஒதுக்குங்கள். அயலார் கேள்வி கேட்பதை நிறுத்தி, ஒரு பொழுது அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சான்றில்லாத வழக்கைத் தள்ளுபடி செய்வதே நீதி. அத்தாயை நாம் இன்றே விடுதலை செய்வோம். அவள் செய்யவேண்டிய வேலை வீட்டிலே காத்திருக்கின்றது. நாம் செய்யவேண்டிய வேலையோ இன்னுந் தொடங்கப்படவில்லை.